இத்தனை வேலைகளும் எதற்காக?



சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, செபமாலை முடிந்து சனங்கள் கலைந்துபோன பிறகு, நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அறைவீட்டுத் திண்ணைக்கு வந்தார். "தோத்திரம், சாமி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. அவர் கையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. "பேரன் வாங்கித் தந்தான், சாமி. 'தாத்தா, நீங்கள் வாழ்க்கையில் படித்த பாடத்தையெல்லாம் இதில் எழுதி வையுங்கள். நாங்கள் பிற்பாடு படிப்போம்' என்றான். எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை" என்று சொல்லி அதை என்னிடம் நீட்டினார்.

முதல் பக்கத்தில் அவர் பார்த்த வேலைகள் வரிசையாக எழுதியிருந்தன. பதினேழு வயதில் பம்பாய்க்கு ரயிலேறிப் பஞ்சாலையில் வேலை. 1982-ம் ஆண்டு சனவரியில் தொடங்கிய பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்களே, அவர்களில் இவரும் ஒருவர். திரும்ப உள்ளே போகவே இல்லை. பிறகு லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு வளைகுடா நாட்டில் பதினான்கு வருஷம் டிரைவர். ஊர் திரும்பி ஒரு மளிகைக் கடை. கடன் கொடுத்தே கடை போயிற்று. அப்புறம் பள்ளிக்கூட வண்டி ஓட்டினார். கடைசியாகச் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல். முழங்கால் வலி வந்ததும் அதையும் விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். இரண்டாம் பக்கத்தின் தலையில் "என் கொள்கை" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"எதிலும் நான் சோம்பேறியாய் இருந்ததில்லை, சாமி. ஆனால், இத்தனையும் எதற்காக என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வாத்தியாராய் இருந்தவர் நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன் என்பார். கொத்தனார் ஒரு வீட்டைக் காட்டுவார். நான் எதைக் காட்ட? துண்டு துண்டாய்ப் போய்விட்டதே என் ஜீவியம்" என்றார்.

இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல, திண்ணையில் பேசியது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "எழுதுங்கள், சாமி. என்னைப் போல் இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள்" என்றார். பத்துப் பேரல்ல, ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார் என்று நினைக்கிறேன். ஆண்களை மட்டும் சொல்லவில்லை. வயலில் நாற்று நட்டு, பீடி சுற்றி, சத்துணவுக் கூடத்தில் சமைத்து, இடையிலே நாலு பிள்ளைகளையும் வளர்த்த தாய்மார்களுக்கு, தாங்கள் பார்த்த வேலைகளுக்குப் பெயர்கூட வைக்கத் தெரியாது. அவர்களும் முதுமையில் திண்ணையில் உட்கார்ந்து இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்ளுகிறார்கள்.

இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில்கள் மூன்று உண்டு. மூன்றும் நம்மை ஏமாற்றும்.

முதலாவது, பெருமையின் பதில். "நான் யாருக்கும் தலைகுனியாமல் வாழ்ந்தேன், சொந்தக் கையால் உழைத்தேன், இதுதான் என் கொள்கை" என்று நடந்ததையெல்லாம் நமக்குச் சாதகமாகக் கோத்து ஒரு மாலை கட்டிக்கொள்வது. வயதானபின் நாம் சொல்லும் கதைகளில் நாம் செய்த தவறுகள் மெல்ல மெல்ல உதிர்ந்துபோவதைக் கவனித்திருக்கிறீர்களா? அப்படிக் கட்டிய கொள்கை ஜீவியத்திலிருந்து பிறந்ததல்ல. ஜீவியத்தை மூடிவைக்கப் போட்ட போர்வை.

இரண்டாவது, விரக்தியின் பதில். "எல்லாம் வீண். எப்படியோ நாள் கழிந்தது. இன்னும் மிச்சமிருப்பதும் கழிந்தால் சரி." இது தாழ்ச்சி போலத் தோன்றும், தாழ்ச்சியல்ல. சர்வேசுரன் கொடுத்த எழுபது வருஷத்தையும் ஒன்றுமில்லை என்று தள்ளுகிறவன், கொடுத்தவரைத்தான் குறை சொல்லுகிறான்.

மூன்றாவது, நம்மில் அநேகர் சொல்லும் பதில்: "பிள்ளைகளுக்காக வாழ்ந்தேன்." இது நல்ல பதில்தான், ஆனால் பாதிப் பதில். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் வழியே போன பிறகு, அந்த நோக்கம் எங்கே போகிறது? மேலும், பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தேன் என்கிற தகப்பன், அவர்கள் ஒரு வாரம் தொலைபேசியில் கூப்பிடாவிட்டால் தன் ஜீவியமே தோற்றது என்று எண்ணிவிடுகிறான். இவ்வளவு பெரிய பாரத்தைச் சுமக்கப் பிள்ளைகளால் முடியாது. அதற்காக அவர்கள் படைக்கப்படவும் இல்லை.

அப்படியானால் சரியான பதில் எங்கே? நாம் எட்டு வயதில், புதுநன்மைக்கு ஆயத்தம் செய்தபோது, ஞானோபதேச வகுப்பில் அதை மனப்பாடம் செய்தோம். சர்வேசுரன் மனிதனை எதற்காக உண்டாக்கினார் என்று உபதேசியார் கேட்பார். அவரை அறிந்து, நேசித்து, சேவித்து, அதனால் மோட்ச பாக்கியத்தை அடையும்படியாக என்ற கருத்தை நாம் ஒரே மூச்சில் ஒப்பிப்போம். எட்டு வயதில் கையில் கொடுத்துவிட்ட சாவியை எழுபது வயதில் வீடெல்லாம் தேடுகிறோம்!

ஆனால் அந்தப் பெரியவரிடம் இதை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் அவர் திருப்தியடைந்திருக்க மாட்டார், அது நியாயமுந்தான். "அது எல்லோருக்கும் உள்ளது, சாமி. எனக்கு?" என்று கேட்டிருப்பார். இங்கே குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்த தத்துவம் கொஞ்சம் உதவுகிறது. அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், அரிஸ்டாட்டில் காட்டிய வழியில் நின்று, ஒரு காரியத்தின் நோக்கமானது எண்ணத்தில் முதலாவதாகவும் நிறைவேறுவதில் கடைசியாகவும் வரும் என்ற கருத்தை விளக்குகிறார். வீடு கட்டுகிறவன் மனதில் முதலில் இருப்பது குடியிருக்கும் வீடு. ஆனால் வாய்க்கால் தோண்டி, கல் போட்டு, சுவர் எழுப்பி, ஓடு வேய்ந்து எல்லாம் முடிந்த கடைசி நாளில்தான் அவன் அதில் குடியேறுகிறான். இடையிலே வந்து பார்க்கிற ஒருவனுக்கு அங்கே தெரிவது கல்லும் மண்ணும் சாரமும் குழப்பமுந்தான்.

நம் ஜீவியத்தின் நோக்கமும் அப்படியே. அது சர்வேசுரனுடைய எண்ணத்தில் முதலிலேயே இருந்தது. நமக்கோ அது கடைசியில்தான் தெரியவரும். ஆகவே, நாம் பார்த்த வேலைகளையெல்லாம் கூட்டிப் பார்த்து நோக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கல்லை எத்தனை முறை எண்ணினாலும் வீடு தெரியாது. அந்தக் கல்லெல்லாம் யார் குடியிருக்க என்று கேட்டால்தான் தெரியும்.

இதை எனக்கு நன்றாய் விளங்கவைத்தவர் ஓர் அர்ச்சியசிஷ்டவர். வேலை மேல் வேலை மாறியவர். நாற்பது வயது தாண்டும் வரையில் எதிலும் நிலைக்காதவர். 'கடவுளின் அருளப்பர்' என்று திருச்சபை அழைக்கும் அர்ச். அருளப்பரைத்தான் சொல்லுகிறேன்.

அவர் 1495-ம் ஆண்டு போர்ச்சுக்கல் நாட்டில் பிறந்தார். எட்டு வயதில், வீட்டுக்கு வந்த ஓர் அந்நியரின் பின்னால், பெற்றோருக்குத் தெரியாமல் வீட்டை விட்டுப் போய்விட்டார். ஸ்பெயின் நாட்டில் ஒரோப்பேசா என்ற ஊரில் ஆடு மேய்த்து வளர்ந்தார். வாலிபத்தில் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சு எல்லையில் போருக்குப் போனார். அங்கே, கைப்பற்றிய பொருள்களைக் காவல் காக்கும்படி அவரை வைத்தார்கள். பொருள் களவு போயிற்று. தூக்கில் போட இருந்தார்கள். கடைசி வேளையில் உயிர் தப்பி, பட்டாளத்திலிருந்து துரத்தப்பட்டார். மீண்டும் ஆடு மேய்த்தார். மீண்டும் பட்டாளம், இம்முறை துருக்கியரை எதிர்க்க வியன்னா வரையில்.

அந்தப் போர் முடிந்து, பல வருஷங்களுக்குப் பின் சொந்த ஊரைத் தேடிப் போனார். தாய், தான் காணாமற்போன கொஞ்ச காலத்திலேயே துக்கத்தால் இறந்துவிட்டாள் என்றும், தகப்பன் பிரான்சிஸ்கு சபை மடத்தில் சேர்ந்து அங்கேயே இறந்தார் என்றும் உறவினர் சொல்லக் கேட்டார். அந்தச் செய்தி அவரை விட்டு நீங்கவே இல்லை. பிறகு செவில்லா பக்கம் ஆடு மேய்த்தார். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள செயுத்தா என்ற இடத்துக்குப் போய், நொடித்துப்போன ஒரு குடும்பத்தைக் காப்பாற்றக் கோட்டைச் சுவர் கட்டும் கூலி வேலை செய்தார். அங்கிருந்து திரும்பி, ஊர் ஊராய்ப் புத்தகமும் அர்ச்சியசிஷ்டவர்களின் படங்களும் தோளில் சுமந்து விற்றார். கடைசியாகக் கிரனாதா நகரில், எல்விரா வாசலருகே ஒரு சின்னப் புத்தகக் கடை போட்டார்.

அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. ஓர் ஆண்டு சனவரி 20-ம் நாள், அர்ச். செபஸ்தியார் திருநாளன்று, அவிலா அருளப்பர் என்ற குருவானவர் அந்த நகரில் பிரசங்கம் செய்தார். அந்தக் குருவானவரே பின்னால், 1970-ம் ஆண்டு, அர்ச்சியசிஷ்டர் பட்டம் பெற்றார். 2012-ம் ஆண்டு திருச்சபையின் வேதபாரகராகவும் அறிவிக்கப்பட்டார். அன்று அவருடைய பிரசங்கத்தைக் கேட்ட புத்தகக் கடைக்காரரின் உள்ளம் உடைந்தது. தம் பாவங்களைச் சொல்லிக் கூவி அழுதுகொண்டு தெருவெல்லாம் ஓடினார். கடையிலிருந்ததை வாரி இறைத்தார். சேற்றில் புரண்டார். ஊரார் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பிடித்து, அரச மருத்துவமனையில் அடைத்தார்கள். அக்காலத்தில் பைத்தியத்துக்கு மருந்து என்ன தெரியுமா? கட்டிவைத்துச் சாட்டையால் அடிப்பது.

அங்கேதான் காரியம் நடந்தது. தன்னை அடித்தபோது பொறுத்துக்கொண்டவர், பக்கத்திலிருந்த நோயாளிகளை அடித்தபோது பொறுக்க முடியாமல் போனார். இவர்களை அடியில்லாமல் அன்போடு பராமரிக்க எனக்கொரு வீடு கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதுவரையில் 'நான் என்ன ஆவேன்' என்று அலைந்த மனிதர், அன்றுமுதல் 'இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்' என்று கேட்கத் தொடங்கினார். நோக்கம் கிடைத்துவிட்டது.

வெளியே வந்து, மலையில் விறகு பொறுக்கி விற்றுக் கொஞ்சம் பணம் சேர்த்தார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, தெருவில் கிடந்த நோயாளிகளைத் தோளில் சுமந்துவந்து படுக்கவைத்தார். இரவில் கூடையோடு தெருத்தெருவாகப் போய்ப் பிச்சை கேட்டார். கேட்ட விதமும் புதிது: ஏழைக்குக் கொடுக்கிறவர்கள் தங்களுக்கே நன்மை செய்துகொள்ளுகிறார்கள் என்ற கருத்தை உரக்கக் கூவிக்கொண்டே போவார். ரோமாபுரியில் திபேர் நதித் தீவிலுள்ள அவருடைய சபையாரின் மருத்துவமனைக்கு இத்தாலிய மக்கள் வைத்த பெயரே அந்தக் கூவலிலிருந்து வந்தது. 1549-ம் ஆண்டு அரச மருத்துவமனையில் தீப்பிடித்தபோது, தம்மை அடித்த அதே கட்டடத்துக்குள் புகுந்து நோயாளிகளை வெளியே கொண்டுவந்தார். 1550-ம் ஆண்டு மார்ச் 8-ம் நாள், முழந்தாளிட்டபடியே உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்து. தாம் தேடிய வேலையை அவர் செய்த காலம், ஏறக்குறைய கடைசிப் பன்னிரண்டு வருஷந்தான்.

அவருடைய தோழர்கள் தொடர்ந்த தொண்டை 1572-ம் ஆண்டு ஐந்தாம் பத்திநாதர் பாப்பு அங்கீகரித்தார். 1690-ம் ஆண்டு அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கிடைத்தது. 1886-ம் ஆண்டு பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பு அவரை நோயாளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக அறிவித்தார். நமக்கு அடுத்த கேரளத்தில், இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனையில், அந்தச் சபைச் சகோதரர்கள் தொடங்கிய மருத்துவமனை இன்றும் அவருடைய பெயரைத் தாங்கியிருக்கிறது.

இப்போது அவருடைய பழைய வேலைகளைத் திரும்பிப் பாருங்கள். ஆடு மேய்த்தவருக்கு, நடக்கமாட்டாததைத் தோளில் சுமக்கத் தெரிந்திருந்தது. பட்டாளத்தில் இருந்தவருக்கு இரவு கண்விழிக்கத் தெரிந்திருந்தது. கோட்டைச் சுவர் கட்டியவருக்குக் கூலிக்காரனின் முதுகு வலி தெரிந்திருந்தது. கூடை சுமந்து புத்தகம் விற்றவருக்குத் தெருவில் நின்று வெட்கமில்லாமல் கூவத் தெரிந்திருந்தது. சாட்டையடி பட்டவருக்கு நோயாளியின் பயம் தெரிந்திருந்தது. ஒன்றுகூட வீண் போகவில்லை. ஆனால் இதைக் கவனியுங்கள்: அந்த வேலைகளைப் பார்த்த காலத்தில், அவை ஒன்றோடொன்று சேருமென்று அவருக்குத் தெரியாது. அவர் சேர்க்கவுமில்லை. அவர் தம்மை மறந்து வேறொருவனுக்காகக் குனிந்தபோது, அவை தாமாகவே வந்து சேர்ந்துகொண்டன.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த சேசுநாதர், எல்லோரும் உண்டு முடிந்ததும், மீந்துபோன துணுக்குகள் ஒன்றும் வீணாகாதபடி சேர்த்துவைக்கச் சொன்னாரென்று அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். பன்னிரண்டு கூடை நிறைந்தது. அப்பத்தின் துணுக்கையே வீணாக விடாதவர், தமது இரத்தத்தால் மீட்ட மனிதனின் வருஷங்களை வீணாக விடுவாரா?

"அவருக்கு நாற்பது வயது, சாமி, கையிலே காலிலே பலமிருந்தது. நான் எழுபதைத் தாண்டியவன்" என்று யாரும் சொல்லலாம். சரி, அர்ச். அல்போன்ஸ் ரொத்ரிகசைப் பாருங்கள். செகோவியா நகரில் துணி வியாபாரி. வியாபாரம் நசிந்தது, மனைவி இறந்தாள், பிள்ளைகளும் ஒவ்வொருவராய் இறந்தார்கள். சேசு சபையில் சேரப் போனபோது, படிப்புப் போதாது, உடல்நலம் போதாது என்று தயங்கினார்கள். சின்னப் பையன்களோடு பள்ளிக்கூடப் பலகையில் உட்கார்ந்து படித்தார். கடைசியாக 1571-ம் ஆண்டு சகோதரராகச் சேர்ந்தார். மயோர்க்கா தீவிலுள்ள கல்லூரியில் வாசல் காக்கும் வேலை கிடைத்தது. கதவு தட்டினால் திறக்க வேண்டும், செய்தி சொல்ல வேண்டும், பிச்சைக்காரருக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை கதவு தட்டும்போதும், ஆண்டவரே வந்து நிற்கிறார் என்ற எண்ணத்தோடு எழுந்து போவார். 1617-ம் ஆண்டு இறக்கும் வரையில் அந்த வீட்டிலேயே இருந்தார். அங்கே படிக்க வந்த ஓர் இளைஞரை ஊக்கப்படுத்தி, அமெரிக்கக் கண்டத்தில் அடிமைகளுக்குத் தொண்டு செய்ய அனுப்பியதும் இந்த வாசற்காரர்தான். அந்த இளைஞரே அர்ச். பீட்டர் கிளேவர். 1888-ம் ஆண்டு இருவருக்கும் ஒரே நாளில் அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுக்கப்பட்டது. அடுக்குமாடி வீட்டின் வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த நம் பெரியவருக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, அவர் முதன்முறையாகத் தலை நிமிர்ந்து பார்த்தார்.

கதவைக்கூடத் திறக்க எழுந்திருக்க முடியாமல் படுக்கையோடு இருக்கிறவர்கள்? உயிர்த்த ஆண்டவர் அர்ச். இராயப்பரிடம், இளமையில் நீயாகவே கச்சை கட்டிக்கொண்டு விரும்பிய இடம் போனாய். முதுமையிலோ வேறொருவன் உன்னைக் கட்டி, நீ விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்ற கருத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, 'அதோடு உன் வேலை முடிந்தது' என்று சொல்லவில்லை. தம்மைப் பின்செல்லும்படி சொன்னார். பிறர் கையால் ஊட்டப்படுவதும், முணுமுணுக்காமல் ஒரு செபமாலை சொல்லுவதும், நமக்குத் தீங்கு செய்தவனைப் படுக்கையிலிருந்தே மன்னிப்பதும் வேலைதான். ஒருவேளை அதுவே எல்லாவற்றிலும் கடினமான வேலை.

ஆனால் என் திண்ணையில் நடந்த பேச்சு இதோடு முடியவில்லை. அர்ச். அருளப்பருடைய தாய் இறந்த செய்தியைச் சொன்னபோது பெரியவர் அழுதுவிட்டார். "என் தாயும் நான் வெளிநாட்டில் இருந்தபோதுதான் போனாள், சாமி. பணம் அனுப்பினேன், நான் வரவில்லை. முதலாளி லீவு தரவில்லை என்று ஊரிலே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய். நான் கேட்கவே இல்லை. அந்த மாதம் அதிக ஓட்டம், அதிகக் காசு. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்" என்றார். இரண்டாம் பக்கம் ஏன் காலியாக இருந்தது என்று அப்போது எனக்குப் புரிந்தது. கொள்கை இல்லாததால் அல்ல. அந்த ஒரு வரியை எழுதாமல் மற்ற எதையும் அவரால் எழுத முடியவில்லை.

"பரவாயில்லை, விடுங்கள்; நாட்பட்ட காரியம்" என்று நான் சொல்லவில்லை. அது அவருடைய மனச்சாட்சியை அவமதிப்பதாகும். பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம் உண்டு. அநியாயமாய் எடுத்த பொருளிருந்தால், சக்கேயுவைப் போலத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் தாய்க்குக் கொடுக்காமல் விட்ட நேரத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? அவளுடைய ஆத்தும இளைப்பாற்றிக்காகப் பூசை வைக்கலாம், செபிக்கலாம். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமங்களுக்கும் நமக்கும் உள்ள உறவை மரணம் அறுத்துவிடுவதில்லை என்பது நம் விசுவாசம். அதற்கு மேலும், அந்தக் கடனை வாங்கிக்கொள்ள ஆண்டவர் வேறு ஆட்களை நம் வாசலுக்கு அனுப்புவார். பசித்தவனுக்கும் நோயாளிக்கும் அந்நியனுக்கும் செய்ததைத் தமக்கே செய்ததாக அவர் கணக்கு வைக்கிறார் அல்லவா? கடவுளின் அருளப்பரும் அப்படித்தான் தம் கடனைக் கழித்தார் என்று நான் நினைக்கிறேன். யாருமில்லாமல் கிடந்த ஒவ்வொருவரையும் தூக்கும்போது, தாம் விட்டுவந்த வீடு அவர் நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்?

பிரியமானவர்களே, கொள்கை என்றால் என்ன? அழகாய் எழுதிச் சுவரில் மாட்டும் வாக்கியம் அல்ல. காலையில் எதற்காக எழுந்திருக்கிறோமோ அதுவே நம் கொள்கை. ஆகையால் உங்களில் வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள் ஒரு நாள் நற்கருணை முன்னிலையில் அமைதியாய் உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் யாரிடமிருந்தெல்லாம் பெற்றேன்? யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டியிருக்கிறது? நாளைக் காலையில் யாருக்காக எழுந்திருக்கப் போகிறேன்? முதல் கேள்வி பெருமையை உடைக்கும். இரண்டாவது, மூடிவைத்ததைத் திறக்கும். மூன்றாவது, விரக்தியை விரட்டும்.

பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் ஒரு வார்த்தை. வயதான பெற்றோருக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்ததென்று எண்ணாதீர்கள். "நீங்கள் சும்மா உட்காருங்கள், அப்பா" என்று அன்போடு சொல்லுகிறோம். சில சமயம் அந்தச் சொல்லே அவர்களைக் கொல்லுகிறது. அவர்களிடம் ஓர் உதவி கேளுங்கள். ஒரு பொறுப்பைக் கொடுங்கள். மாலையில் கால்மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பார்த்த வேலைகளைப் பற்றி விசாரியுங்கள். சொன்னதையே சொன்னாலும் கேளுங்கள். வேலைக்காகத் தூரதேசம் போயிருக்கும் பிள்ளைகளே, தாய் தகப்பன் படுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் லீவு கேளுங்கள். கிடைக்காமற்போனால் அது வேறு. கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இதையும் எழுதச் சொன்னவர் அந்தப் பெரியவரே.

போன வாரம் அவர் மறுபடியும் வந்தார். முழங்காலைக் காட்ட அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தாராம். அங்கே கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்ட ஒரு பீகார்ப் பையன், யாருக்கும் தன் பேச்சு விளங்காமல், சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நின்றிருக்கிறான். நம் பெரியவர், நாற்பது வருஷத்துக்கு முன் பம்பாயில் கற்ற இந்தியில் அவனை விசாரித்து, டாக்டரிடம் அழைத்துப்போய், படம் எடுக்க வைத்து, மாவுக்கட்டு முடியும் வரையில் உடனிருந்திருக்கிறார். "ஆலையில் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் பாஷை தெரியாமல் நின்றேன், சாமி" என்றார். முடிந்ததும் அந்தப் பையன் தன் தாயோடு பேச அவருடைய தொலைபேசியைக் கேட்டானாம். இப்போது வாரத்தில் இரண்டு நாள், காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறி அந்த மருத்துவமனைக்குப் போய் உட்காருகிறார். பாஷை தெரியாதவர்கள் யாராவது தினமும் வருகிறார்களாம்.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தாயாருடைய ஆத்துமத்துக்காக ஒரு பூசை வைக்கும்படி கேட்டுக்கொண்டு போனார். வருகிற வெள்ளிக்கிழமை காலை அந்தப் பூசை நடக்கும். வரக்கூடியவர்கள் வாருங்கள். தூரத்தில் பிள்ளைகளை எதிர்பார்த்துக்கொண்டே கண்மூடிய எல்லாத் தாய்மார்களுக்காகவும் அன்று வேண்டிக்கொள்ளுவோம்.

திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கப் போன எசமான், பகலெல்லாம் கழிந்து கடைசி மணி வேளையிலும் சந்தை வெளிக்குப் போய்ப் பார்த்தார் என்று சேசுநாதர் உவமையாகச் சொன்னார். அங்கே சிலர் நின்றார்கள். தங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றார்கள். அவர்களையும் அவர் தோட்டத்துக்குப் போகச் சொன்னார். நம்மில் யாருக்கும் வெயில் சாய்ந்துவிட்டதென்று தோன்றினால், எசமான் இன்னும் சந்தை வெளியில்தான் நிற்கிறார் என்பதை நினைவில் கொள்வோம்.

சேசு, மரி, சூசை உங்கள் குடும்பங்களைக் காப்பார்களாக.

உங்கள் பங்குக் குருவானவர்